நகரும் நிலத்தைக் கண்டறிந்த ஆல்பிரட் வெகனர்



இவ்வுலகில் அசையாதது எது என்று வினவினால், நம்மில் பெரும்பாலோர் நிலம் என்றே விடை பகர்வோம். நிலைத்து நிற்பதனால்தான் அதற்கு நிலம் என்னும் பெயர் வாய்த்தது என்று தமிழாசிரியர்கள் விளக்குவதும் உண்டு. ஆயினும் நாம் நிற்கும் மண்ணும், அம்மண்ணில் வேரூன்றிய பால்மரங்களும் செம்பனைகளும், நம் பள்ளியும் வீடுகளும் யாவும் ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் நகர்ந்த வண்ணம் உள்ளன என்பதே இன்றைய அறிவியல் கண்ட உண்மையாகும். நம் கைவிரல் நகம் வளரும் வேகத்திற்கு ஒப்பான வேகம் அது. ஆகையால் அதனை நாம் உணர்வதில்லை.

இவ்வுண்மையின் முதற்பகுதியைச் சான்றுகளோடு எடுத்துரைத்து, அதன் பொருட்டு ஏளனத்திற்கு ஆளாகி, அது மெய்யென உலகம் ஒப்புக்கொள்வதற்கு முன்னரே பனிப்பாலையில் உயிர் நீத்தவர் ஆல்பிரட் வெகனர் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார். அவருடைய வாழ்க்கை வரலாற்றையும், அவர் விட்டுச் சென்ற வினாவிற்குப் பின்வந்தோர் கண்ட விடையையும் இவ்வாண்டு மலரின் வாயிலாக உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

இளமையும் கல்வியும்

வெகனர் 1880ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தையார் ரிச்சர்ட் வெகனர் கிறித்துவச் சமயகுருவாகவும் பழம்பெரும் மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கியவர். ஐந்து பிள்ளைகளில் ஆல்பிரட் கடைசிப் பிள்ளை. இளமையிலேயே நெடுந்தொலைவு நடப்பதிலும் மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் உடலை உரப்படுத்திக்கொண்டார். அப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணை நின்றது.

பல்கலைக்கழகத்தில் வானநூல் பயின்று 1905ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் அவருடைய உள்ளம் விண்மீன்களை விடக் காற்றையும் மேகத்தையுமே நாடியது. அண்ணன் குர்ட் என்பவரும் இதே துறையினர். சகோதரர் இருவரும் வானிலையை ஆராயும் பொருட்டு 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பலூனில் ஏறி, 52 மணி நேரத்திற்கும் மேலாக இடைவிடாது வானில் மிதந்தனர். அந்நாளில் அஃது ஓர் உலக சாதனையாகும்.

அதே ஆண்டில் டென்மார்க் நாட்டினர் கிரீன்லாந்துக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் வெகனரும் சேர்ந்தார். கிரீன்லாந்து, வட துருவத்தை ஒட்டி, பெரும்பகுதி பனிக்கட்டியால் மூடப்பட்ட மாபெருந்தீவு. அங்கே ஈராண்டுகள் தங்கி வானிலையை அளந்தார். அக்குழுவின் தலைவரும் தோழர் இருவரும் 1907ஆம் ஆண்டில் பனியில் சிக்கி மாண்டனர். பனி நாட்டின் கொடுமையை வெகனர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். கண்ணால் கண்டு அறிந்தவர். அவ்வாறு அறிந்த பின்னரும் மும்முறை அங்குச் சென்றார் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். நாடு திரும்பியதும் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றார்.

வரைபடம் எழுப்பிய வினா

1910ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நண்பரிடம் இருந்த புதிய உலக வரைபட நூலை வெகனர் புரட்டிப் பார்த்தார். தென்னமெரிக்காவின் கீழைக் கரையும் ஆப்பிரிக்காவின் மேலைக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைந்திருப்பது அவர் கண்ணில் பட்டது. மாணவர்களே, நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து இவ்விரு கண்டங்களையும் வரைந்து வெட்டிப் பொருத்திப் பாருங்கள். நீங்களும் வியப்படைவீர்கள்.

இப்பொருத்தத்தை வெகனருக்கு முன்னரும் சிலர் கண்டதுண்டு. ஆனால் அவர்கள் கண்டதோடு நின்றனர். வெகனரோ ஏன் என்று கேட்டுச் சான்று தேடலானார். கட்டம் போட்ட கைலி ஒன்று கிழிந்து இரு துண்டானால், கிழிந்த ஓரம் பொருந்துவது மட்டும் போதாது. கட்டங்களும் வண்ணக் கோடுகளும் தொடர்ந்து வரல் வேண்டும். அப்பொழுதே இரண்டும் ஒரே துணி என்று நாம் உறுதியாகக் கூறலாம். கண்டங்களிடத்தும் அத்தகைய கோடுகள் தொடர்கின்றனவா என அவர் ஆராய்ந்தார். கடலுக்கு இப்பாலுள்ள பாறை அடுக்குகளும் அப்பாலுள்ளவையும் ஒத்திருந்தன. மீசோசாரஸ் என்னும் சிறிய ஊர்வனவற்றின் எலும்புகள் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் பாறைகளுள் காணப்பட்டன. அவ்வுயிரி அட்லாண்டிக் பெருங்கடலை நீந்திக் கடக்க வல்லதன்று. குளோசோப்டெரிஸ் என்னும் பழந்தாவரத்தின் இலைப் பதிவுகள் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகிய நான்கிலும் கிடைத்தன. வெயில் கொளுத்தும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பண்டைய பனிப்பாளங்கள் உராய்ந்து சென்ற தழும்புகள் பாறைகளில் இருந்தன.

இவற்றுக்கெல்லாம் அக்காலத்து அறிஞர்கள் வேறு விளக்கம் கூறி வந்தனர். கண்டங்களுக்கிடையே முன்னாளில் நிலப்பாலங்கள் இருந்தன என்றும், அவை பின்னர்க் கடலில் மூழ்கின என்றும் அவர்கள் கருதினர். இவ்விடத்தில் தமிழராகிய நமக்கு ஒரு செய்தி நினைவுக்கு வருதல் இயல்பு. லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கர் தீவில் மிகுந்திருப்பதையும், அதற்கு உறவான தேவாங்கு இந்தியாவில் வாழ்வதையும் கண்ட பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியல் அறிஞர், இவ்விரு நிலங்களையும் இணைத்த கண்டம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும் என்று 1864ஆம் ஆண்டில் கருத்துரைத்து, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோள் செய்தியோடு இதனை இணைத்துக் குமரிக்கண்டம் எனத் தமிழறிஞர் பலர் எழுதினர். கடல்கோள் பற்றிய நம் முன்னோரின் நினைவு இலக்கியச் செல்வமாக என்றும் போற்றத்தக்கது. ஆயின், இந்தியப் பெருங்கடலில் அத்தகைய பெருங்கண்டம் மூழ்கியதாக இன்றைய நிலவியல் ஏற்பதில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்து விலகின. இடையில் இருந்த நிலம் அமிழவில்லை, நிலங்களே அகன்றன. இவ்விளக்கத்திற்கு வழி வகுத்தவர் வெகனரே.

1912ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் பிராங்பர்ட் நகரில் நிலவியலார் கூடிய அவையில் வெகனர் தம் கருத்தை முதன்முதலாக வெளியிட்டார். கண்டங்கள் யாவும் பண்டு ஒன்றாய் இணைந்திருந்து பின்னர்ப் பிரிந்து நகர்ந்தன என்பதே அக்கருத்து. அப்பெருநிலத்தைப் பாஞ்சியா என இன்று அழைக்கின்றோம். அது பிரியத் தொடங்கி ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

அதே ஆண்டில் மீண்டும் கிரீன்லாந்து சென்ற வெகனர், கோக் என்னும் டென்மார்க் நாட்டவரின் தலைமையில் நால்வருள் ஒருவராகப் பனிப்பரப்பின் மேல் குளிர்காலத்தைக் கழித்து, 1913ஆம் ஆண்டில் அத்தீவைக் குறுக்காகக் கடந்தார். திரும்பியதும் வானிலை அறிஞர் கெப்பனின் மகளாகிய எல்சாவை மணந்தார். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்கு அனுப்பப்பட்ட வெகனர் இருமுறை காயமுற்றார். காயத்திலிருந்து தேறிவந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. கண்டங்களும் கடல்களும் தோன்றிய வரலாற்றை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எதிர்ப்பும் அதன் காரணமும்

அந்நூலை நிலவியலார் பலர் ஏற்க மறுத்தனர். வானிலை ஆய்வாளர் ஒருவருக்கு நிலவியலில் என்ன வேலை என்று சிலர் எள்ளி நகையாடினர். 1926ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நடைபெற்ற அறிஞர் கூட்டத்தில் அவர் கருத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

எதிர்த்தோர் அனைவரும் அறிவிலிகள் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர்கள் எழுப்பிய ஒரு வினா மிகவும் நியாயமானது. கண்டங்கள், கப்பல் கடல்நீரைக் கிழித்துச் செல்வது போலக் கடலடிப் பாறையைக் கிழித்துக்கொண்டு நகர்கின்றன என்னும் வகையில் வெகனர் விளக்கியிருந்தார். கடலடிப் பாறையோ மிகவும் கடினமானது. அதனைக் கிழித்துச் செல்லும் விசை எங்கிருந்து வந்தது என அவர்கள் கேட்டனர். பூமியின் சுழற்சியும் கதிரவன், திங்கள் ஆகியவற்றின் ஈர்ப்பும் அவ்விசையைத் தந்திருக்கலாம் என்றார் வெகனர். அவ்விசைகள் இப்பணிக்குச் சிறிதும் போதா என்பதை ஹெரால்டு ஜெப்ரீஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு சரியானதே. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என வெகனர் கொண்ட அளவும், அந்நாளைய கருவிகளின் குறையால், உண்மைக்கு மிகவும் மிகைப்பட்டதாய் இருந்தது.

கண்டங்கள் நகர்ந்தன என்னும் முடிவு சரி. அவை நகர்ந்த முறை பற்றிய விளக்கம் தவறு. வெகனரின் நிலை இதுவே. எதிர்ப்பைக் கண்டு அவர் சினந்தாரல்லர், சோர்ந்தாருமல்லர். புதிய சான்றுகளைத் திரட்டி 1920, 1922, 1929 ஆகிய ஆண்டுகளில் தம் நூலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டார். 1924ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகத் தொண்டாற்றினார்.

இறுதிப் பயணம்

1930ஆம் ஆண்டில் வெகனர் பெரியதோர் ஆய்வுக் குழுவிற்குத் தலைமையேற்றுக் கிரீன்லாந்து சென்றார். பனிப்பரப்பின் நடுவே, மேலைக் கரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்துக் குளிர்காலம் முழுவதும் அளவைகள் எடுப்பது திட்டம். ஆனால் கடற்கரையில் பனிக்கட்டி விலகாமையால் தொடக்கத்திலேயே ஐந்து வாரங்களுக்கும் மேல் வீணாயின. பொருள்களை ஏற்றிச் செல்லக் கொண்டுவந்த இயந்திரச் சறுக்கு வண்டிகளும் புதுப்பனியில் ஓட முடியாமற் போயின. நடு நிலையத்தில் ஜியார்ஜி, சோர்கே என்னும் இருவர் போதிய உணவும் எரிபொருளும் இன்றி இருந்தனர். குளிர்காலமோ நெருங்கிவிட்டது.

குழுவின் தலைவர் என்ற முறையில் அவ்விருவரின் உயிருக்கும் தாமே பொறுப்பு என வெகனர் கருதினார். செப்டம்பர் மாத இறுதியில் லோவே என்னும் தோழரோடும் கிரீன்லாந்து மக்கள் பதின்மூவரோடும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கடுங்குளிர் சுழியத்திற்குக் கீழே 50 பாகையையும் கடந்தது. பதின்மூவரில் பன்னிருவர் வழியிலேயே திரும்பினர். ராஸ்முஸ் வில்லும்சன் என்னும் இளைஞர் ஒருவரே உடன் வர இசைந்தார். சுமைகளை வழிநெடுகக் கைவிட்டு, அக்டோபர் மாதத்தில் மூவரும் நடு நிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் குளிரில் உறைந்து கெட்டுப்போயிருந்தமையால், பின்னர் அங்கேயே மயக்க மருந்தின்றி அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

நிலையத்தில் இருந்த உணவு மூவருக்கே போதுமானது. அங்கு இருந்தவரோ ஐவர். லோவே நடக்க இயலாதவர். ஆதலால் வெகனரும் வில்லும்சனும் கரைக்குத் திரும்புவதென முடிவாயிற்று. 1930ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தமது ஐம்பதாம் பிறந்த நாளன்று, வெகனர் நண்பர்களிடம் விடைபெற்றுப் புறப்பட்டார். பின்னர் அவ்விருவரையும் எவரும் உயிரோடு காணவில்லை.

மறு ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், வழியின் பாதித் தொலைவில் பனியில் நாட்டப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைத் தேடுவோர் கண்டனர். அவற்றின் அருகே தோண்டியபோது, தோல் விரிப்பின் மேல் கிடத்தி, நன்கு சுற்றித் தைத்து, முறையாக அடக்கம் செய்யப்பட்டிருந்த வெகனரின் உடல் கிடைத்தது. கடும் உழைப்பால் இதயம் நின்று இறந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. அவ்வடக்கத்தைச் செய்தவர் வில்லும்சனே. வெகனரின் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு அவ்விளைஞர் தனியே கரை நோக்கிச் சென்றார். அவரும் திரும்பவில்லை, அவர் உடலும் கிடைக்கவில்லை.

தோட்டப் பெருமக்களே, பெரியோர் வரலாறு எழுதப்படும்போது உடனுழைத்தோரின் பெயர் பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது. மலையைக் குடைந்து இருப்புப்பாதை இட்டவர், காட்டைத் திருத்தித் தோட்டம் கண்டவர் ஆகியோரின் பெயர்களை எந்த ஏட்டில் காண்கிறோம்? தலைவர் இறந்த பின்னும் தனிமையில், சாவின் விளிம்பில் நின்று, தம் கடமையை வழுவாது செய்த ராஸ்முஸ் வில்லும்சன் என்னும் பெயரையும் நம் பிள்ளைகள் வெகனரின் பெயரோடு சேர்த்தே நினைவில் இருத்தல் வேண்டும்.

பின்வந்தோர் கண்ட விடை

வெகனர் மறைந்த பின்னர் முப்பது ஆண்டுகள் வரை அவர் கருத்து பெரும்பாலும் ஒதுக்கப்பட்டே கிடந்தது. விடை கடலடியிலிருந்து வந்தது. அமெரிக்காவில் மேரி தார்ப் என்னும் பெண்மணி, பிறர் கப்பலில் சென்று அளந்து வந்த ஆழக் கணக்குகளைக் கொண்டு அட்லாண்டிக் கடலடியின் படத்தை வரைந்தார். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவர் அந்நாளில் ஏற்றிச் செல்லப்படவில்லை. கடலின் நடுவே ஓடும் நீண்ட மலைத்தொடரின் உச்சியில் ஆழமான பிளவு ஒன்று நெடுகச் செல்வதை 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அவர் கண்டறிந்தார். அப்பிளவில் அடியிலிருந்து பாறைக் குழம்பு மேலெழுந்து புதிய கடற்றரை உருவாகி இருபுறமும் விலகிச் செல்கிறது என ஹாரி ஹெஸ் 1962ஆம் ஆண்டில் விளக்கினார். மறு ஆண்டில் வைன், மாத்யூஸ் என்னும் இருவர், கடலடிப் பாறைகளில் பதிந்துள்ள காந்தக் கோடுகளைக் கொண்டு அதற்குச் சான்று தந்தனர்.

ஆகவே கண்டங்கள் கடற்றரையைக் கிழித்துச் செல்லவில்லை. கண்டமும் அதனை ஒட்டிய கடற்றரையும் ஒரே பாறைப் பலகையாய் இணைந்து நகர்கின்றன. வெகனரை எதிர்த்தோர் எழுப்பிய வினா இவ்வாறு தீர்ந்தது. அப்பலகைகளே நிலத்தட்டுகள் எனப்படுகின்றன. 1967, 1968ஆம் ஆண்டுகளில் மெக்கன்சி, பார்க்கர், மார்கன், லெ பிஷோன் முதலிய இளம் அறிஞர்கள் இக்கொள்கையைக் கணக்கு முறையில் நிறுவினர்.

தட்டின் உறுதியும் விளிம்பின் வளைவும்

பிள்ளைகளுக்கு எளிதில் விளங்குமாறு இதனைச் சற்று விரித்துரைப்போம். உடைந்த தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, மற்றொரு முழுச் சிரட்டையின் புறத்தே வைத்து மெல்லத் தள்ளுங்கள். துண்டு வளையாமல், மடியாமல், முழுமையாக வழுக்கிச் செல்லும். நிலத்தட்டும் அத்தகையது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிப்பும், பல ஆயிரம் கிலோமீட்டர் அகலமும் உடைய தட்டு, தனக்கு அடியில் வெப்பத்தால் இளகி மிக மெதுவாக ஒழுகும் பாறையின் மேல் முழுத்துண்டாக நகர்கிறது. அதன் நடுப்பகுதியில் உள்ள இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு பெரும்பாலும் மாறுவதில்லை. செயற்கைக் கோள்களின் துணைகொண்டு அளந்தால், அம்மாற்றம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதனினும் குறைவாகவோ உள்ளது. வெவ்வேறு தட்டுகளில் உள்ள ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவோ ஆண்டுக்குப் பல சென்டிமீட்டர் மாறுகிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகிச் செல்வது 1980ஆம் ஆண்டுகளில் நேரடியாக அளந்தறியப்பட்டது. இத்தகைய நேரடி அளவையையே வெகனர் தம் வாழ்நாளெல்லாம் எதிர்நோக்கியிருந்தார்.

தட்டின் நடுப்பகுதி உறுதியாக இருக்குமாயின், நகர்ச்சியின் சுமை முழுவதையும் தாங்குவது எது? அதன் விளிம்பே. தட்டுகள் விலகும் இடத்தில் விளிம்பு பிளவுபடுகிறது. உராய்ந்து செல்லும் இடத்தில் முறுகுகிறது. மோதும் இடத்தில் மடிந்து மலையாகிறது. அன்றி ஒன்றன் கீழ் ஒன்று புதைகிறது. மலையும் எரிமலையும் பெருநிலநடுக்கமும் உலகெங்கும் பரவலாகத் தோன்றாமல் விளிம்புகளை ஒட்டி வரிசையாக அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

கடலடி விளிம்புகள் பெரும்பாலும் குறுகியவை. கண்டத்தின் மேல் அமைந்த விளிம்புகளோ மிக அகன்றவை. இந்தியத் தட்டு ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆசியாவை முட்டத் தொடங்கி இன்றும் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் விளைவாக இமயமலை எழுந்ததோடு, அதற்கு வடக்கே திபெத்து வரையிலும் அப்பாலும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலத்திற்கு நிலம் நசுங்கியும் நெளிந்தும் உள்ளது. உலகப் பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வாறு உருமாறும் நிலமே என அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே நிலத்தட்டின் விளிம்பைப் பென்சிலால் இட்ட கோடு என எண்ணலாகாது. பல இடங்களில் அஃது அகன்றதொரு பட்டையாகும்.

நம்மைத் தொட்ட பாடம்

இதன் பொருளை மலேசிய, சிங்கப்பூர் மக்கள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கண்கூடாக அறிந்தனர். சுமத்திராவின் மேலைக் கடலடியில் இந்தியப் பெருங்கடலின் தட்டு, நாம் வாழும் சுண்டா நிலத்தட்டின் கீழ்ப் புதைந்து செல்கிறது. இரண்டும் உராயும் இடம் பல காலம் இறுகிக் கிடந்தது. மூங்கிற் கழியின் நுனியைப் பிடித்து வளைத்தால், அது வளைந்து வளைந்து, கை நழுவியதும் விசையோடு நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் தட்டின் விளிம்பும் அவ்வாறே ஆண்டுதோறும் உள்நோக்கி வளைக்கப்பட்டு, அன்று திடீரென நிமிர்ந்தது. 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்திற்கு விளிம்பு நழுவியது. சுமத்திராவை அடுத்த சிமெலுவே தீவின் ஒரு பகுதி கடலுக்கு மேலே உயர்ந்தது. இந்தியாவின் தென்கோடியாகிய நிக்கோபார் இந்திரா முனையோ நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை பல நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களை வாரிக்கொண்டது. நாகப்பட்டினக் கரையில் நம் உறவுகளும், பினாங்கு, கெடாக் கரைகளில் நம் நாட்டு மக்களும் மாண்டனர்.

அன்று நம் தீபகற்பமும் அசைந்தது. லங்காவித் தீவு மேற்குத் திசையாக ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் இழுக்கப்பட்டதைக் கருவிகள் காட்டின. கோலாலம்பூர் அதனினும் குறைவாகவே நகர்ந்தது. வடக்கு மிகுதியாகவும் தெற்கு குறைவாகவும் நகர்ந்தமையால் தீபகற்பம் முழுவதும் ஒரே அளவில் நகரவில்லை என்பது தெளிவு. உறுதியானது என நாம் கூறும் தட்டும் ஓரளவு நெகிழும் தன்மை உடையதே என்பதை இதனால் அறிகின்றோம்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்திராவிற்கு மேற்கே, வழக்கமான விளிம்பிலிருந்து விலகி, இந்தியப் பெருங்கடலின் தட்டுக்குள்ளேயே 8.6 அளவுடைய நிலநடுக்கம் நேர்ந்தது. ஒரே தட்டு என எண்ணப்பட்ட இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சிறுகச் சிறுகத் தனித்தனித் தட்டுகளாகப் பிரிந்து வருகின்றன எனப் பல அறிஞர் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் சபா மாநிலத்து ரானாவில் நேர்ந்த நிலநடுக்கத்தால் கினாபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். பெரிய விளிம்புகளிலிருந்து தள்ளியிருப்பதால் நமக்கு இடர் குறைவு என்பது உண்மை. இடரே இல்லை என்பது உண்மையன்று.

ஆகவே பெற்றோர்களே, கடற்கரையில் இருக்கும்போது நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல்நீர் திடீரென உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்க நில்லாமல் மேட்டு நிலத்திற்கு ஓட வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். 1907ஆம் ஆண்டில் கண்ட பேரலையை மறவாமல் பாட்டன் பாட்டியர் வழிவழியாகச் சொல்லி வந்தமையால், சிமெலுவே தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் 2004ஆம் ஆண்டில் குன்றுகளில் ஏறி உயிர் தப்பினர்.

மாணவச் செல்வங்களே! வெகனரின் உடல் இன்றும் கிரீன்லாந்தின் பனிக்குள்ளேயே உறங்குகிறது. அவர் மறைந்த நாளில் அவர் கொள்கையை ஏற்றோர் சிலரே. இன்று உலகின் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் அதன் வழித்தோன்றிய அறிவைப் பாடமாகப் படிக்கின்றனர். அவர் கூறியவற்றில் தவறானவை காலத்தால் உதிர்ந்தன, சரியானது நிலைத்தது. நீங்களும் கண்ணில் பட்டதை ஏன் என்று கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல் சான்று தேடுங்கள். சான்று மாறினால் கருத்தைத் திருத்திக்கொள்ள அஞ்சாதீர்கள். உங்களை நம்பியிருப்போரைக் கைவிடாதீர்கள். இவற்றைக் கடைப்பிடிக்கும் ஒரு பிள்ளை நம் பள்ளியிலிருந்து தோன்றுவாராயின், இவ்வரலாற்றை எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.

வாழ்க தமிழ்! வளர்க கல்வி!